ஓட்டோ டிக்ஸின் அச்சுப் படம் நகல் அன்று

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள, ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸின் 'போர்' தொகுப்பைச் சேர்ந்த வாயு முகமூடி அணிந்த வீரர்களின் படம் வெறும் நகல் என்றும், ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் அதே படம் இருப்பதே அதற்குச் சான்று என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயம் இயல்பானதுதான், முடிவு மட்டும் சரியன்று.

1924-இல் பெர்லினில் கலை வணிகர் கார்ல் நீரெண்டோர்ஃப் வெளியிட்ட இத்தொகுப்பில் 50 எட்சிங் படங்கள் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளில் மை ஏற்றித் தாளில் அழுத்தி எடுப்பவை) உள்ளன. அச்சிடப்பட்டவை 70 தொகுப்புகள். டிக்ஸ் ஓவியம் ஒன்றை வரைந்து பிறகு அதைப் படியெடுக்கவில்லை. உலோகத் தகட்டிலேயே உருவாக்கினார். ஆகவே அத்தகட்டிலிருந்து அந்தப் பதிப்பில் எடுத்த ஒவ்வொரு தாளும் மூலப் படைப்பே. (தகட்டை மூலம் என்பது, நாணயத்தை விட்டுவிட்டு அதை வார்த்தெடுக்க உதவிய அச்சை மூலம் என்பது போலாகும்.)

சரிபார்க்க விரும்புவோர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஓவியர் பெயரைத் தேடி, படத்தின் கீழுள்ள உத்தி, பதிப்பு ஆகிய குறிப்புகளைப் படிக்கலாம். நேரில் பார்ப்பவர்கள் படத்தைச் சுற்றித் தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளத்தைக் கவனிக்கலாம். உருப்பெருக்கியில் சுவரொட்டி நகல் வரிசையான புள்ளிகளாகச் சிதறும். எட்சிங்கிலோ மை ஏறிய கோடுகளும் ஒழுங்கற்ற மணித்துகள் போன்ற நிழலும் தெரியும்.