வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டால் அப்பாவின் கடன் தலையில் ஏறுமா?

"தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்ட அன்றே அப்பாவின் கடன் முழுக்கப் பிள்ளைகள் பேருக்கு மாறிவிடும், சம்பளத்திலேயே பிடிப்பார்கள்." சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பொய்.

இன்னாருக்கு இன்னார் வாரிசு என்று தாசில்தார் சொல்லும் தாள் அது, அவ்வளவுதான். இறந்தவரின் சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறதோ, அந்த அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-வது பிரிவு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் 6 லட்சம் பெறுமான பங்கு வருகிறது, கடனோ 9 லட்சம் என்று வையுங்கள். மீதி 3 லட்சத்துக்கு உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. அப்பன் கடனை மகன் அடைத்தே தீரணும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையும், 2005 திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடன்களுக்குக் கிடையாது.

நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அடமானத்தில் இருக்கும் வீட்டையும் வங்கி விடாது.

பாகப்பிரிவினை முடியும்வரை வசூல்காரர் வாசலுக்கு வரத்தான் செய்வார். "சும்மா ஒரு கையெழுத்து சார்" என்று நீட்டும் தாளில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; வம்பே அங்கேதான் ஆரம்பம். இறப்புச் சான்றிதழ் நகலை வங்கிக் கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கிக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையா, அப்புறம் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.