கவுன்சிலிங் என்பது அறிவுரை அன்று

‘கவுன்சிலிங் என்றால் அறிவுரை சொல்வதுதான், ஒரே அமர்வில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி உண்மையன்று. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல், மனமாற்றத்துக்குத் தேவையானவை எனக் குறிப்பிட்டவற்றில் அறிவுரை இல்லை. பிறர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற மதிப்பு, சிகிச்சையாளரின் உள்ளும் புறமும் ஒத்த நேர்மை ஆகியவை இருந்தன. ‘மகன் என்னிடம் பேசுவதே இல்லை’ என்று ஒரு தாய் சொல்லும்போது, ‘விட்டுப்பிடியுங்கள் அம்மா’ என்று உடனே வழி சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பயிற்சி பெற்றவரோ, ‘அந்த மௌனம் உங்களை மிகவும் வருத்துகிறது, இல்லையா அம்மா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார், அழுகை வந்தால் அதற்கும் இடம் கொடுப்பார். இந்தக் காத்திருப்பே இத்தொழிலின் மிகக் கடினமான திறன் என்பது என் எண்ணம். ஒரே அமர்வில் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அப்படித்தான்: எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள் வரை நீள்கிறது.