லேசான தடியடி

நேற்று அந்தப் படத்தின் கீழே நடந்த சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், என் கமெண்டை எடுத்துவிட்டேன். பயந்துபோய் எடுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை என்பதால் எடுத்தேன்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே, எங்கும் பொய் நிறைந்த காலத்தில் உண்மையைச் சொல்வதே புரட்சி என்று ஒரு வரி. 'இது அவர் எழுதியது இல்லை' என்று மட்டும்தான் எழுதினேன். 'வரி நல்லா இருக்குல்ல, யார் சொன்னா என்ன?' என்றார் ஒருவர். 'நீங்க என்ன அவருக்கு வக்கீலா?' என்றார் இன்னொருவர். அப்புறம் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பதில்: 'படிச்ச திமிர்.'

யார் சொன்னால் என்ன என்றால் அவர் படம் எதற்கு? உங்கள் படத்தையே போட்டிருக்கலாமே. அவர் முகம் இருந்தால் வரிக்கு எடை கூடும் என்று தெரிந்துதானே போட்டீர்கள். அவர் எழுதிய நாவல், கட்டுரை, மதிப்புரை, கடிதம், டைரி எல்லாம் சேர்ந்து இருபது தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. எதிலும் இந்த வரி கிடையாது. அவர் 1950 ஜனவரியில் காசநோயில் இறந்தார், வயது 46. இந்த வரி அவர் பெயரோடு தலைகாட்டியது அதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து.

ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். என் கோபம் அந்த ஒரு வரியோடு நிற்பதில்லை. நாம் அவரைப் படிப்பதே இல்லை. 'விலங்குப் பண்ணை'யின் பெயர் தெரியும், எழுத்தாளர் க.நா.சு. தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். '1984' பெயர் தெரியும். அந்த இரண்டு நாவலுக்கும் பின்னால் இருக்கிற பர்மா, இங்கிலாந்தின் சுரங்க ஊரான விகன், ஸ்பெயின் பற்றி எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அவருடைய கதைக்கும் கட்டுரைக்கும் நடுவில் சுவர் கிடையாது. கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டால், இடதுசாரிகளைத் திட்டுகிறவரும் அவரைத் தூக்குவார், ஆட்சியைத் திட்டுகிறவரும் தூக்குவார், யாரும் படித்திருக்க மாட்டார்.

எனக்கு அவர் எப்படி வந்தார் என்று சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். குடிதண்ணீர் கேட்டு ஒரு ஊரில் மறியல். போலீஸ் அடித்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர், வலது கையில் மாவுக்கட்டு, விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது, நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்திருந்தது. 'தலையில அடி விழுந்திடும்னு கைய வச்சேன் சார்' என்றார். 'போலீசார் அடித்ததில் கை முறிந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் பேப்பரைப் பிரித்தால், 'லேசான தடியடி நடத்தப்பட்டது. இதில் சிலருக்கு லேசான காயம் ஏற்பட்டது.' இரண்டு 'லேசான'. அடித்தவர் யார் என்றே இல்லை. அடி தானாக நடந்திருக்கிறது, காயம் தானாக ஏற்பட்டிருக்கிறது. கேட்டதற்கு மேலே இருந்தவர் சொன்னது, 'இதுதான் தம்பி பத்திரிகை நடை.'

அன்று ராத்திரி டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்த என்னிடம், எங்கள் மூத்த நிருபர் அண்ணன் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்தார். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரை. கிராமத்தின் மேல் குண்டு போட்டு, ஜனங்களை ஊரைவிட்டுத் துரத்தி, மாட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயர் வைப்பார்கள் என்கிறார் அதில். கடைசியில் எழுதுகிறவனுக்குச் சில விதிகள் கொடுக்கிறார். செய்வினையில் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டுவினை கூடாது என்பது அதில் ஒன்று. அதன் கீழே அண்ணன் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. 'நடத்தப்பட்டது' என்ற சொல்லை அதற்குப் பிறகு என் கையால் எழுதியதில்லை.

அப்படித்தான் தேடித் தேடிப் படித்தேன். எரிக் பிளேர் என்ற இயற்பெயர் கொண்ட அந்த ஆள் 1903-ல் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆங்கில அரசின் அபினித் துறையில் வேலை. 19 வயதில் பர்மாவுக்கு ஏகாதிபத்திய போலீஸ் அதிகாரியாகப் போய் ஐந்து வருஷம் இருந்தார். 'பர்மிய நாட்கள்' நாவல் அங்கிருந்து வந்தது. யானையைச் சுட்ட கதையும் அங்கிருந்துதான்.

யானைக் கட்டுரையை முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்தேன். மதம் பிடித்த யானை ஒரு ஆளை மிதித்துக் கொன்றிருக்கிறது. செத்தவர் கறுத்த திராவிடக் கூலி என்றே எழுதியிருக்கிறார். சேற்றில் குப்புற அழுந்திக் கிடக்கிறார், முகமெல்லாம் சேறு, கண் விரியத் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது, முதுகுத் தோல் முயல் உரித்த மாதிரி உரிந்திருக்கிறது. வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்திலிருந்து வயிற்றுப் பாட்டுக்குப் போன ஒருவர். அவருக்குப் பெயர்கூட இல்லை. யானை அதற்குள் சாந்தமாகிவிடுகிறது. சுட வேண்டிய தேவையே இல்லை. பின்னால் இரண்டாயிரம் பேர் நின்று பார்க்கிறார்கள், சுடாமல் திரும்பினால் சிரிப்பார்கள், அதனால் சுடுகிறார். கடைசியில் அந்தக் கூலி செத்ததில் தனக்குச் சந்தோஷம் என்று எழுதுகிறார். யானையைச் சுட்டதற்குச் சட்டப்படி ஒரு காரணம் கிடைத்ததாம். அங்கிருந்த இளம் வெள்ளைக்காரர்கள், ஒரு கூலியைவிட யானையின் விலை அதிகம் என்றார்களாம்.

'பார்த்தீங்களா, நம்ம ஆள் செத்ததுக்குச் சந்தோஷப்பட்டவன்' என்று நேற்று ஒருவர் எழுதினார். ஐயா, அதை உங்களுக்குச் சொன்னது யார்? அவரேதானே. பர்மாவில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர் அவர் ஒருவர் மட்டுமா? அந்தச் சந்தோஷத்தை வெளியே சொன்ன இன்னொருவரைக் காட்டுங்கள். தன் மனசின் அழுக்கை நம் முன்னால் கொட்டிக் காட்டியவரை, அதே அழுக்கை எடுத்து அடிக்கிறோம்.

அடுத்த குற்றச்சாட்டு, கம்யூனிச விரோதி. 1936 டிசம்பரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குப் போய் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர். 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்து வந்து பார்த்தால், அவர் சேர்ந்திருந்த, ஸ்டாலினை ஏற்காத இடதுசாரிக் கட்சியான பி.ஓ.யு.எம். படைக்கே ஸ்டாலின் ஆதரவுக் கம்யூனிஸ்டுகள் பாசிஸ்ட் உளவாளி என்று பட்டம் கட்டிக் கூட இருந்தவர்களைச் சிறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவியோடு ரயில் ஏறித் தப்பினார். நடக்காத சண்டையைப் பத்திரிகைகள் நடந்ததாக எழுதியதை அங்கேதான் பார்த்தார். '1984' அந்தக் காயத்திலிருந்து வந்தது. ஸ்பெயின் அனுபவத்தை எழுதிய புத்தகம் 1,500 பிரதி அச்சாகி, அவர் சாகும்வரை விற்றுத் தீரவில்லை. ஸ்டாலினைக் கேலி செய்த 'விலங்குப் பண்ணை'யை, அவர் போரில் இங்கிலாந்தின் கூட்டாளியாக இருந்த காலத்தில் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள், ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட் உட்பட. தன் கடைசி நாவல் சோஷலிசத்துக்கு எதிரானது அல்ல என்று 1949-ல் ஒரு அமெரிக்கத் தொழிற்சங்கக்காரருக்குக் கடிதமே எழுதினார். சி.ஐ.ஏ. காசில் 'விலங்குப் பண்ணை' கார்ட்டூன் படமாக வந்தது 1954-ல். அவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கும் அவரா பொறுப்பு?

பட்டியல் விஷயம் தெரியும். 1949-ல் படுக்கையில் கிடந்தபடியே 38 பேர் பெயரை எழுதி ஆங்கில அரசின் பிரச்சாரப் பிரிவுக்குக் கொடுத்தார், கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள் என்று. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்திருக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு காகிதத்தைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் கொளுத்தச் சொல்வது அநியாயம். இதற்கு மேல் அதில் பேச எனக்கு மனமில்லை.

'அவரே இட்டுக்கட்டுவாரே, நீங்க என்ன ஒரு வரிக்குக் குதிக்கிறீங்க' என்றும் கேட்டார்கள். விகன் புத்தகத்தில் ஒரு பெண் வருகிறாள். கடுங்குளிரில் கல் தரையில் மண்டியிட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைக் குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறாள். ரயிலிலிருந்து பார்த்ததாகப் புத்தகத்தில் இருக்கிறது. டைரியில், ஒரு சந்தில் நடந்து போகும்போது பார்த்ததாக இருக்கிறது. ஆமாம், இடத்தை மாற்றியிருக்கிறார். எனக்கு அது உறுத்தவும் செய்கிறது. ஆனால் அந்தப் பெண் இருந்தாள், குச்சி இருந்தது, குளிர் இருந்தது. தன் நிலைமை தனக்குத் தெரியாத ஜென்மம் அல்ல அவள் என்று அந்த முகத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். நீங்கள் போட்ட வரிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? எந்தச் சந்து?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உண்மையில் வக்கீலா என்று கேட்டது எனக்கு வலிக்கவில்லை. 'படிச்ச திமிர்' என்றது வலிக்கிறது. அதை எழுதியது, அந்தப் படத்தைப் போட்டது, இருபது வருஷம் முன்னால் எனக்கு அந்த ஜெராக்ஸைக் கொடுத்தது, மூன்றும் ஒரே ஆள்.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நேற்று ராத்திரி பீரோவிலிருந்து அந்தக் கட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் மங்கிப்போய்விட்டது, சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்ட கை இந்தப் படத்தைப் போட்டதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். படத்தை எடுத்துவிடுங்கள் அண்ணே. எடுக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவேன், ஜெராக்ஸோடு.