மெக்கானிக்கல் முனை போட்டாலும் வில்லைச் சரிபார்க்கத்தான் வேண்டும்

மான் வேட்டைக்கு மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் பிளேடுகள் விரியும் வேட்டை அம்பு முனை) மாட்டினால், அம்பு நேராகக் கிளம்பும்படி வில்லைச் சரிப்படுத்தத் (டியூன் செய்ய) தேவையில்லை, பிளேடு இல்லாத பயிற்சி முனை படும் இடத்திலேயே அதுவும் படும் என்று இந்த விவாதத்தில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பறக்கும்போது பிளேடுகள் மடங்கியிருப்பதால் காற்று பிடிக்கும் பரப்பு குறைவு. அதனால், நிலையான பிளேடு முனையை விட இது பயிற்சி முனையோடு நெருங்கிப் போகும். ஆனால் டியூன் ஆகாத வில்லிலிருந்து அம்பு வாலை ஆட்டிக்கொண்டுதான் கிளம்பும். எந்த முனையும் அதைச் சரிசெய்யாது. அப்படிச் சாய்ந்து போய்ப் படும் அம்பு, நேராகப் படுவதைப் போல ஆழமாக இறங்காது. பிளேடு விரியவும் கொஞ்சம் விசை போகும் என்பதால் மெக்கானிக்கலில் இந்த இழப்பு இன்னும் வலிக்கும். காயத்தோடு ஓடுவது மான்தானே.

நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு சட்டகத்தில் தாளை இறுக்கிக் கட்டி, ஆறேழு அடி தள்ளி நின்று, முனையில்லாமல் அல்ல, பயிற்சி முனையோடு எய்யுங்கள். ஒரு சின்ன ஓட்டையும் அதைச் சுற்றி இறகுகளின் மூன்று கீறலும் விழுந்தால் அம்பு நேராகப் போகிறது. பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தால் வால் ஆடுகிறது. அப்புறம் 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) பயிற்சி முனை ஒன்று, அதே எடையில் வேட்டை முனை ஒன்று, இரண்டையும் 20 கெஜத்திலும் 40 கெஜத்திலும் மாற்றி மாற்றி எய்து பாருங்கள். 20-இல் ஒன்றாகத் தெரிவது 40-இல் விலகிவிடலாம்.