ஜிம் தோர்ப் பதக்கம் இழந்த காரணம்

கேன்டன் புல்டாக்ஸ் அணிக்குக் காசு வாங்கி அமெரிக்கக் கால்பந்து ஆடியதால்தான் அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப்பின் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன என்று சொல்லியிருக்கிறீர்கள். காலக்கணக்கு இடிக்கிறதே. பதக்கங்கள் போனது 1913-இல். அவர் கேன்டனில் வீரராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தது 1915-இல்.

உண்மைக் காரணம் பேஸ்பால். விளையாட்டுக்குக் காசு வாங்கியவர்கள் அன்றைய ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது. 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் அணிக்குச் சொற்பச் சம்பளத்துக்கு ஆடினார். கல்லூரிப் பையன்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடிய காலம் அது. இவர் சொந்தப் பெயரிலேயே ஆடியதால் பின்னாளில் எளிதாக மாட்டிக்கொண்டார். இத்தனைக்கும், ஸ்டாக்ஹோம் விதிப்படி ஆட்சேபம் 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும். பத்திரிகையில் செய்தி வெடித்ததோ 1913 ஜனவரியில், அதாவது ஆறு மாதம் கழித்து!

சரிபார்க்க விரும்பினால், பேஸ்பால் புள்ளிவிவரங்களைத் தரும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவர் பெயரைத் தேடி மைனர் லீக் (கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டிகள்) பட்டியலைத் திறங்கள். முதல் வரியே 1909, ராக்கி மவுண்ட் என்றிருக்கும். மேஜர் லீக் (உச்சநிலைப் போட்டிகள்) பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள், அது 1913-இல்தான் தொடங்கும். அவர் கேன்டன் அணியில் சேர்ந்த ஆண்டுக்கு, கேன்டன் நகரிலேயே உள்ள புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் (அமெரிக்கக் கால்பந்துச் சாதனையாளர் அருங்காட்சியகம்) தளத்தில் அவர் பக்கத்தைப் பாருங்கள்.