ஜெனீவாவுக்கு மனு போட்டால் படகு வருமா?
“இலங்கையில் பிடிபட்ட படகுக்கு ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் மனு போட்டால் 30 நாளில் விடுதலை உத்தரவு வரும், பதிவுக் கட்டணம் உண்டு” என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே பொய்.

ஜெனீவாவில் இருக்கும் இந்தப் பேரவை நீதிமன்றம் அல்ல. 1946 முதல் இருந்த மனித உரிமை ஆணையத்தின் மேல் நம்பிக்கை போனதால், 2006 மார்ச் 15 அன்று ஐ.நா. பொதுச்சபை அதற்குப் பதிலாக உருவாக்கிய 47 நாடுகளின் மன்றம் அது. விசாரிக்கும், பரிந்துரைக்கும், எந்த நாட்டுக்கும் உத்தரவு போட முடியாது. படகு விஷயம் இலங்கை நீதிமன்றத்தின் கையில்தான்.

சரி, புகாரே கொடுக்க முடியாதா? முடியும், இலவசமாகவே. ஆனால் ஐ.நா.வின் 6 அலுவல் மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும். தமிழ் அதில் இல்லை. அதுவும், தொடர்ச்சியாக நடக்கும் கடுமையான மீறல்களுக்கான வழி அது. கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.