டேங்கர் டிரைவர் ஆங்கிலம் பேசியே ஆகணுமா?

"மணலியில் டேங்கர் ஓட்டுபவர் வேலையில் ஆங்கிலம்தான் பேச வேண்டும், சட்டமே அப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 9 ஆபத்தான சரக்கு ஏற்றும் ஓட்டுநரிடம் கேட்பது எழுதப் படிக்கத் தெரிவதை: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று, கூடவே ஆங்கிலம். தமிழும் அந்த அட்டவணையில் உண்டு. கூடுதலாகப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

படிக்கத் தெரிவது உயிர் காக்கும். கேபினில் ட்ரெம் கார்டு, அதாவது சரக்கின் ஆபத்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் அட்டை, இருக்க வேண்டும். வண்டியின் பலகையில் சரக்கு எது என்று காட்ட, பெட்ரோலுக்கு 1203, சமையல் எரிவாயுவுக்கு 1075 என்ற எண் இருக்கும். எண்ணூர் சாலையில் வால்வு கசிந்தால், இன்ஜினை நிறுத்தி, ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறைக்கு அந்த எண்ணைத் தமிழிலேயே சொல்லலாம். அந்தப் பதற்றத்தில் டிரைவரை ஆங்கில வார்த்தை தேட வைக்கும் முதலாளி ஆபத்தைத்தான் கூட்டுகிறார்.